எந்த ஆப்பில் விற்கலாம், டீச்சர்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் படிக்காதீர்கள்.

இந்த வருஷத்தில் மட்டும் நாலு பேர் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டீர்கள். திருப்பூரில் துணிப்பை தைக்கிற பிள்ளை கேட்டாள். மதுரையில் சுடுமண் நகை செய்கிற என் சித்தப்பா பேத்தி கேட்டாள். அருப்புக்கோட்டையில் தறி வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். கடைசியாக நம்ம குமாரலிங்கபுரத்திலேயே பனை ஓலைப் பெட்டி முடைகிற பிள்ளை வீட்டுக்கே வந்து கேட்டாள். "கையால செஞ்ச பொருளை ஆன்லைன்ல விக்க எந்த ஆப்பு நல்லது?" தனித்தனியாகப் பதில் சொல்லி என் வாட்ஸ்அப் சூடாகிவிட்டது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். நான் வியாபாரி இல்லை, 34 வருஷம் கணக்கு நடத்தினவள். ஆனால் இந்தக் கேள்வியில் முக்கால்வாசி கணக்குதான் இருக்கிறது.

ஓலைப்பெட்டிக்காரியின் விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன், அதைத்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 1998இல் என்னிடம் பத்தாவது படித்தவள். கணக்கில் நல்ல மார்க். ஆனாலும் படிப்பு அதோடு நின்றது. இப்போது அவளையும் சேர்த்து 12 பேர் ஒரு மகளிர் குழு. குருத்தோலை வாங்கிக் காயவைத்து, வகிர்ந்து, சாயம் போட்டு, மூடி வைத்த பெட்டியும் கொட்டானும் முடைகிறார்கள். ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில், ஆன்லைனில் போட்டால் இந்தியா பூராவும் வாங்குவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். குழுவில் 40,000 ரூபாய் கடன் எடுத்து, தீபாவளிக்கு முன்னால் 500 பெட்டி முடைந்து அடுக்கிவிடலாம் என்று பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"எந்த ஆப்புனு மட்டும் சொல்லுங்க டீச்சர், மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றாள்.

12 வீட்டுக் கடன் அது. தவணை தவறினால் அடுத்த கடன் கிடைக்காது. ஒருத்தி பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டிய மாதம் வேறு. "500 இருக்கட்டும், முதல்ல 20 பெட்டியை வித்துப் பாரு, என்ன மிஞ்சுதுனு நோட்டுல எழுதிட்டு வா" என்று சொல்லி அனுப்பினேன்.

பெரிய தளம் ஒன்றில் போட்டார்கள். பெயர் வேண்டாம், ஏனென்றால் வேறு எதில் போட்டிருந்தாலும் கணக்கு ரொம்ப மாறியிருக்காது. ஒரு பெட்டி 299 ரூபாய். தளத்தின் கமிஷன் 45. ஒவ்வொரு ஆர்டருக்கும் வாங்கும் நிலையான கட்டணம் 20. கூரியருக்கு 75. இந்த 140 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 25. ஆக 165 போய், கைக்கு வந்தது 134. அதில் அட்டைப்பெட்டி, டேப் 18. ஓலை, சாயம் 35. மிச்சம் 81 ரூபாய். ஒரு பெட்டிக்கு நாலு மணி நேர வேலை. அதாவது மணிக்கு 20 ரூபாய், எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால் 162 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் நம் மாநிலத்துக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய் என்பதைப் பக்கத்தில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இத்தோடு முடியவில்லை. 20 பெட்டியும் விற்றதில் 4 திரும்பி வந்தது. இரண்டு, வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பியவை. வந்தபின் காசு கொடுக்கிற ஏற்பாடு என்றால் இது சகஜமாம். ஒன்று நசுங்கி வந்தது. இன்னொன்றுக்கு எழுதியிருந்த காரணம், "போட்டோவில் இருப்பது போல் இல்லை". அதுவும் பிரித்து, மூடி கிழிந்து வந்தது. எப்படி இருக்கும்? போட்டோவில் இருந்தது ஒருத்தி முடைந்தது, போனது இன்னொருத்தி முடைந்தது. "என் கையே நேத்து இருந்த மாதிரி இன்னைக்கு இல்லையே டீச்சர்" என்றாள் அவள். நாலுக்கும் போக, வர கூரியர் 420 ரூபாய் அவர்கள் தலையில். வீணான இரண்டு பெட்டிக்கு ஓலையும் அட்டையும் 106. நல்லபடி திரும்பிய இரண்டுக்கும் அட்டைச் செலவு 36. தங்கிய 16 பெட்டியில் கிடைத்த 1,296 ரூபாயில் இதைக் கழித்தால் 734. மறுபடி விற்கக் கையில் இருக்கும் இரண்டைத் தள்ளிவிட்டாலும் 18 பெட்டிக்கு 72 மணி நேரம். மணிக்குப் பத்து ரூபாய் சொச்சம்.

நோட்டை அவளே கூட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. 500 பெட்டிப் பேச்சை அவளேதான் நிறுத்தினாள்.

இதனால் ஆன்லைனே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அருப்புக்கோட்டைத் தறிக்காரர் அதே மாதிரி தளத்தில் பருத்திச் சேலை விற்று நன்றாகத்தான் இருக்கிறார். வித்தியாசம் எங்கே என்று யோசித்ததில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். அந்த விடையும் நிஜ எடையும், எது அதிகமோ அதற்குத்தான் காசு. எட்டாம் வகுப்பில் கன அளவு நடத்தும்போது "இதெல்லாம் எதுக்கு டீச்சர்" என்று கேட்டவர்களுக்குப் பதில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. மடித்த சேலை 30க்கு 25க்கு 4 என்றால் 0.6 கிலோ. விலை ஆயிரத்துக்கு மேல். பெரிய ஓலைக்கூடை 35க்கு 35க்கு 30. நிஜ எடை 400 கிராம். கூரியர் கணக்கில் ஏழு கிலோவுக்கும் மேல்! உள்ளே இருக்கும் காற்றுக்குத்தான் கூலி கொடுக்கிறோம். சேலைக்குப் பொருந்துகிற கடை கூடைக்குப் பொருந்தாது. சுடுமண் கம்மலுக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் உடையும். துணிப்பைக்கு இரண்டும் இல்லை. அங்கே பயம் வேறு, அதே பையை மிஷினில் ஆயிரக்கணக்கில் அடிப்பவன் பக்கத்திலேயே 49 ரூபாய்க்கு வைத்திருப்பான். அதனால் ஆப்பின் பெயரைக் கேட்பதற்கு முன் உங்கள் பொருளை ஒரு ஸ்கேலால் அளந்து வாருங்கள்.

சின்ன வயதில் என் அப்பத்தாவோடு அருப்புக்கோட்டைச் சந்தைக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அப்போது மிட்டாய்க் கடையில் சேவும் கருப்பட்டி மிட்டாயும் ஓலைப்பெட்டியில்தான் கட்டித் தருவார்கள். சந்தைக் குத்தகைக்காரர் வந்து சீட்டுக் கிழித்துக் காசு வாங்குவார். வாசல் பக்கம் இடம் பிடித்தவருக்கு வியாபாரம் அதிகம், அதற்குத் தனியாகக் கொடுக்கவேண்டும். இன்றைக்குத் தளத்துக்காரர்கள் விளம்பரக் கட்டணம் என்று வாங்குவது அந்த வாசல் இடத்துக்கான காசுதான். ஆனால் இரண்டு விஷயம் சந்தையில் கிடையாது. வாங்கினவள் பத்து நாள் கழித்து வந்து, "பிடிக்கல, உன் செலவுல திரும்ப எடுத்துக்கோ" என்று சொல்லமாட்டாள். இன்னொன்று, அப்பத்தாவுக்கு வாங்குகிறவளின் ஊர், தெரு, மகள் கல்யாணம் எல்லாம் தெரியும். அடுத்த வாரம் அவளே தேடி வருவாள். தளத்தில் வாங்குபவர் தளத்தின் ஆள். உங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைக்கக்கூடப் பல தளங்கள் அனுமதிப்பதில்லை.

அடுத்தது வரி. இதைக் கேட்டதுமே பாதிப் பேர் பயந்துவிடுகிறார்கள், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். முன்பு இந்த மாதிரித் தளம் வழியாகப் பொருள் விற்க, எவ்வளவு சிறிய வியாபாரமானாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் ஒரு தளர்வு வந்திருக்கிறது. ஆண்டு விற்பனை வரம்புக்குள் (நம் மாநிலத்தில் பொருளுக்கு 40 லட்சம்) இருந்து, தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்புவதாக இருந்தால் முழுப் பதிவு வேண்டாம். பான் கார்டு வைத்து ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். மீஷோ போன்ற தளங்கள் அந்த எண்ணை ஏற்றுக்கொள்கின்றன. மீஷோவில் 2021இலிருந்து கமிஷனும் கிடையாது. ஆனால் கமிஷன் இல்லை என்றால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், கூரியரும் ரிட்டர்னும் எங்கேயும் உண்டு. தளம் வழியாக வேறு மாநிலத்துக்கு விற்கவேண்டும் என்றால்தான் முழுப் பதிவு. அது எடுத்துவிட்டால் ஒன்றுமே விற்காத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும், தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். இந்தியா பூராவும் விற்கும் ஆசைக்கு அதுவும் ஒரு விலை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் உடனே எட்ஸி என்பீர்கள். சிட்னியில் இருக்கும் மாணவி ஒருத்தி எனக்கு அதில் ஓலைப்பெட்டி விலையைப் படம் பிடித்து அனுப்பி ஆசை காட்டினாள். கையால் செய்ததற்கென்றே 2005இல் நியூயார்க் புரூக்ளினில் தொடங்கிய கடை அது. நல்ல கடைதான், ரசித்து வாங்குபவர்கள் வருகிறார்கள். ஆனால் 2013இல் வெளியே ஆள் வைத்துத் தயாரித்ததையும் விற்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். 2022 ஏப்ரலில் கமிஷனை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கினார்கள், ஆயிரக்கணக்கான கைவினைக்காரர்கள் ஒரு வாரம் தங்கள் கடைகளை மூடிப் போராடினார்கள். கட்டணம் குறையவில்லை. கைவேலைக்காரருக்காகவே பிறந்த இடத்திலும் வாடகையை ஏற்றுவது இடத்துக்காரர் கையில்தான் இருக்கிறது. பிறகு 2025 ஆகஸ்ட் 29 முதல் 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா எடுத்துவிட்டது. அதையொட்டி நம் அஞ்சல் துறை அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல் எடுப்பதை ஆகஸ்ட் 25 முதல் நிறுத்தி, அக்டோபர் 15இல்தான் மறுபடி தொடங்கியது. அந்த நேரத்தில் 500 பெட்டியோடு நம் தெருப் பெண்கள் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிட்னிக்காரிக்கும் ஒரு வார்த்தை: ஆஸ்திரேலியாவில் ஓலை, நார், மரம் என்றால் பூச்சி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். நீ ஊருக்கு வரும்போது உனக்கு வேண்டியதை வாங்கி, விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லிவிட்டு எடுத்துப் போ.

அரசு வழிகளை நம்மவர்கள் ரொம்பக் குறைவாக நினைக்கிறார்கள். மகளிர் குழுக்களின் பொருளுக்கு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் 'மதி' என்ற பெயர் இருக்கிறது. மதி சந்தை என்று இணையதளமும் இருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் கண்காட்சி போடுவார்கள். இணையத்தில் ஆர்டர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, உண்மையைச் சொல்லவேண்டும். ஆனால் கண்காட்சியில் பெட்டியைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறார்கள், எதுவும் திரும்பி வருவதில்லை. மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டைக்கும் எழுதிப் போடுங்கள். கண்காட்சியில் இடம் கேட்கும்போது உதவும். தறிக்காரர்கள் 2006இல் வந்த கைத்தறி முத்திரையை வாங்கி, போட்டோவிலேயே அது தெரியும்படி வையுங்கள். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று போட்டிருப்பவர்களுக்கு நடுவில் வேறு எப்படி உங்களை அடையாளம் காட்டுவது?

(இணையத்தில் குமாரலிங்கபுரம் என்று தேடிப்பாருங்கள், இ.குமாரலிங்கபுரம் ஜவுளிப் பூங்காச் செய்திதான் வரும். 2023இல் அறிவித்த ஏழு பிஎம் மித்ரா பூங்காக்களில் ஒன்று, ஆயிரம் ஏக்கருக்கு மேல். வரட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் சந்தோஷம். ஓலைப்பெட்டியைத் தேடி வருபவருக்கு நம் ஊர் கண்ணில் படாது என்பதற்காகச் சொன்னேன்.)

இனி அந்தக் குழு என்ன செய்தது என்று சொல்கிறேன். அதே ஐந்து வாரத்தில், வாட்ஸ்அப் பிசினஸில் படமும் விலையும் போட்டு, முன்பணம் யுபிஐயில் வாங்கி, தபால் செலவு வாங்குபவருடையது என்று எழுதி 9 பெட்டி விற்றிருந்தார்கள். 9 மட்டும்தான். ஆனால் ஒரு பெட்டிக்கு அட்டையும் ஓலையும் போக 246 ரூபாய் நின்றது, மொத்தம் 2,214. 20 பெட்டிக்கு 734, 9 பெட்டிக்கு 2,214. கரும்பலகையில் எழுதிக் காட்டவேண்டிய அவசியமே இல்லை. அந்த 9 பேரில் பாதி உங்களில்தான் இருக்கிறீர்கள், நன்றி. ஆனால் டீச்சருக்காக வாங்குபவர்களை வைத்து 12 குடும்பம் நடக்காது, அதுவும் எனக்குத் தெரியும்.

வழி திறந்தது ஒரு கல்யாணத்தில். செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணச் சீரில் கொட்டானுக்கு எப்போதும் இடம் உண்டு. அந்தக் கலை மங்கிக்கொண்டிருந்தபோது விசாலாட்சி ராமசாமி காரைக்குடியில் தன் அறக்கட்டளை மூலம் பெண்களுக்குப் பழக்கி மீட்டெடுத்தார். செட்டிநாட்டுக் கொட்டானுக்கு இன்று புவிசார் குறியீடும் இருக்கிறது. நம் பக்கத்துக் கொட்டானை அந்தப் பெயரில் விற்கக்கூடாது, அது அவர்கள் உழைப்பு. ஆனால் அங்கே நடந்ததைப் பார்த்துத்தான் தாம்பூலப் பைக்குப் பதில் கொட்டான் என்று எங்களுக்குத் தோன்றியது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து ஜனங்களும் வேறு ஏதாவது தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மதுரையில் ஒரு பழைய மாணவன் மகள் கல்யாணத்துக்கு 250 கொட்டான், ஒன்று 70 ரூபாய் என்று பேசினோம். 17,500 ரூபாய். ஓலையும் சாயமும் 3,000. சாக்கில் அடுக்கி லாரி பார்சலில் அனுப்ப 600. ஒரு கொட்டான் ஒரு மணி நேரம். ஆக மணிக்கு 55 ரூபாய்க்கு மேல் நின்றது. போட்டோவும் இல்லை, ரிட்டர்னும் இல்லை. பாதிப் பணம் முன்னாலேயே வந்ததால் கடனும் இல்லை. அந்த மண்டபத்தில் வாங்கிப் போனவர்களில் இரண்டு வீட்டுக்காரர்கள் அடுத்த ஆர்டருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தளத்தை அடியோடு விடவில்லை. மாநிலத்துக்குள் மட்டும், சின்ன மூடிப்பெட்டி, ஒன்றுக்குள் ஒன்று போகும் மூன்று பெட்டி செட், இரண்டு மட்டும் வைத்திருக்கிறார்கள். செட்டுக்கு மூன்று விலை, ஒரு கூரியர். மூடிப்பெட்டிக்கு அட்டையோடு 16க்கு 16க்கு 11 என்று வந்து அரைக் கிலோவைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் குறைத்து முடைந்து 15க்கு 15க்கு 11 ஆக்கிவிட்டாள். 0.495! சொன்னேனே, கணக்கில் நல்ல மார்க் வாங்கினவள் என்று.

இன்னும் சில விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கை யார் பெயரில் திறக்கிறீர்கள் என்று பாருங்கள். "நான் போட்டுத் தர்றேன் அத்தை" என்று படித்த பையன் தன் போன், தன் பான், தன் பேங்க் எண்ணில் திறந்துவிடுவான். ஆறு மாதத்தில் அவன் பெங்களூர் போய்விடுவான். குழுவின் பொருள் என்றால் குழுவின் பேங்க் கணக்கு. அடுத்து, பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. "பின் போடுங்க, பணம் ஏறும்" என்று ஆர்டர்காரர் போலப் பேசினால் போனை வைத்துவிடுங்கள். மூன்றாவது, கடையைச் சில நாள் மூடிவைக்கும் வசதி தளத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்கவேண்டும். ஓலைக்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஊரே வாங்கத் துடிக்கும் தீபாவளி ஐப்பசியில் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓலை காயாது, பூசணம் பிடிக்கும். தாமதமாக அனுப்பினால் தளம் உங்களைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடும். மழைக்கும் சேர்த்துக் கருணை காட்டும் சாஃப்ட்வேர் இன்னும் வரவில்லை.

திருப்பூர்ப் பிள்ளையே, சித்தப்பா பேத்தியே, உங்கள் பொருளின் மூன்று அளவும், ஒன்று செய்ய ஆகும் நேரமும், மூலப்பொருள் செலவும் எழுதி அனுப்புங்கள். உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். மதியம் மூன்று மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்கு முன் தூங்குவேன்.

வீட்டில் கல்யாணம், காதுகுத்து வைத்திருப்பவர்கள் கொட்டானுக்கு இரண்டு மாதம் முன்னால் சொல்லவேண்டும். புரட்டாசி 15 வரை ஆர்டர் எடுக்கிறார்கள். அப்புறம் தை பிறந்துதான். பாதிப் பணம் முன்னால். டீச்சர் சொந்தக்காரர் என்றாலும் தள்ளுபடி கிடையாது, அதை அவளே என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.